பிள்ளையின் புதுப் பல்லில் வெள்ளைத் திட்டு தெரிகிறதா? முதலில் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள்

மூத்தவனுக்கு ஏழு வயதில் மேல்வரிசை முன்பல் இரண்டும் இறங்கின. ஒரு நாள் காலையில் தூக்கக் கலக்கத்தோடு வந்து மடியில் சாய்ந்து கொட்டாவி விட்டான், அப்போதுதான் கவனித்தேன், இரண்டு பல்லிலும் சுண்ணாம்பைத் தொட்டு விரலால் இழுத்துவிட்ட மாதிரி வெள்ளைக் கீற்று. பல் தேய்த்துவிட்டு வந்ததும் மறுபடி வாயைத் திறக்கச் சொன்னேன், பாதிதான் தெரிந்தது. சாயங்காலம் விளையாடிவிட்டு மூச்சு வாங்க வந்து நின்றபோது மறுபடி பளிச்சென்று இருந்தது. அம்மாயி பார்த்துவிட்டு, "பால் குடிச்சுட்டு வாய் கொப்பளிக்கலே, அதான் கண்ணு" என்றார். பக்கத்து வீட்டு அக்கா சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்றார். இரண்டும் இல்லை.

நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாடு, இந்தப் பக்கம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா. இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாசலில் மணி அடிக்கும் நேரத்தில் ஐந்து நிமிஷம் நின்று சிரிக்கிற பிள்ளைகளைப் பாருங்கள், என் மகனைப் போல எத்தனையோ பேர். அதனால் எனக்குத் தெரிந்ததை, டாக்டரிடம் கேட்டதை, நானே செய்து பார்த்ததை எழுதி வைக்கிறேன். வீட்டில் பல் முளைக்கிற வயதில் பிள்ளை இருந்தால் பொறுமையாகப் படியுங்கள், அதைவிடச் சின்னப் பிள்ளை இருந்தால் கட்டாயம் படியுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

முதலில், எப்படிப் பார்ப்பது

ட்யூப் லைட் வெளிச்சத்தில் பார்க்காதீர்கள், எல்லாப் பல்லும் ஒன்று போலத்தான் தெரியும். காலை வெயில் சாய்வாக விழுகிற வாசல் திண்ணையிலோ ஜன்னல் ஓரத்திலோ பிள்ளையை உட்கார வையுங்கள். பல் தேய்த்த பிறகு, சுத்தமான பருத்தித் துணியால் முன்பல்லை ஒற்றித் துடைத்துவிட்டு, உதட்டைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு அரை நிமிஷம் காத்திருங்கள். திட்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து வரும். மாக்கோலம் போட்ட உடனே ஈரத்தில் மங்கலாகத் தெரிந்து, காயக் காய வெள்ளையாக எழும்பி வருமே, அதே கதைதான். வெள்ளையாகத் தெரிகிற இடத்தில் எனாமலுக்குள்ளே, அதாவது பல்லின் கெட்டியான மேல்உறைக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. எச்சில் அதில் நிரம்பி இருக்கும்போது திட்டு அடங்கிக் கிடக்கும், காய்ந்து காற்று புகுந்தால் வெளிச்சம் சிதறி வெள்ளையாகத் தெரியும். வாயைத் திறந்தபடி தூங்குகிற பிள்ளைக்குக் காலையில் அதிகமாகத் தெரிவதும் இதனால்தான். மூக்கடைப்பால் எப்போதும் வாயால் மூச்சு விடுகிற பிள்ளை என்றால் அதைத் தனியாக டாக்டரிடம் காட்ட வேண்டும், பல்லுக்காக மட்டும் இல்லை.

இன்னொரு பயத்தையும் இப்போதே கழித்துவிடலாம். புதுப் பல் பால்பல்லைவிடக் கொஞ்சம் மஞ்சளாகத்தான் இருக்கும், ஓரம் ரம்பம் போல மூன்று மேடாக இருக்கும். அது இயல்பு. பால் வெள்ளையான பால்பற்களுக்கு நடுவே வருவதால் அழுக்கு மாதிரித் தெரிகிறது, அவ்வளவுதான்.

பார்க்கும்போது போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் இன்னொன்று. டாக்டருக்கு இந்த இரண்டு படமும் நாம் வாயால் சொல்வதைவிட அதிகம் சொல்லும்.

எந்த மாதிரித் திட்டு

வெள்ளைத் திட்டு எல்லாம் ஒரே வியாதி இல்லை. நான் முதலில் போன ஒரு கிளினிக்கில் வாயைத் திறந்து பார்த்த ஒரு நிமிஷத்தில் முன்பல் நான்குக்கும் கேப் போட்டுவிடலாம் என்றார்கள். எதனால் வந்தது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ஏழு வயதுப் பிள்ளையின் முழுசாக இறங்கக்கூட இறங்காத நல்ல பல்லை ராவிக் கேப் போடுவதா என்று மனம் ஒப்பவில்லை, எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு குழந்தைகள் பல் மருத்துவர் ஒருவரைத் தேடிப் போய்த்தான் இந்த வேறுபாடுகளே தெரிந்தன.

எங்கள் பக்கம் அதிகம் பார்ப்பது ஃபுளோரோசிஸ். குடிக்கிற தண்ணீரில் ஃபுளோரைடு என்கிற உப்பு அதிகமாக இருந்து, பல் ஈறுக்குள்ளே உருவாகிற காலத்தில் அது உடம்பில் சேர்ந்ததால் வருவது. இதன் அடையாளம் ஜோடி. வலது பல்லில் இருப்பது இடது பல்லிலும் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கும். ஓரம் தெளிவாக இருக்காது, மேகம் மாதிரிக் கலங்கி, குறுக்கே மெல்லிய கோடு கோடாக ஓடும். ஒன்றிரண்டு பல்லோடு நிற்காமல் பல பற்களில் இருக்கும். லேசாக இருந்தால் வெள்ளைக் கீற்றோடு நிற்கும். அதிகமாக இருந்தால் பல் முழுக்கச் சுண்ணாம்பு போல வெளுத்து, பிறகு பழுப்பு ஏறும், குழி விழும். அந்தப் பழுப்பு உள்ளே இருந்து வருவது இல்லை, பல் முளைத்த பிறகு வெளியிலிருந்து நுண்துளைகளில் ஊறுவது.

இரண்டாவது வகைக்கு மோலார் இன்சைசர் ஹைப்போமினரலைசேஷன் என்று நீளமான பெயர், டாக்டர்கள் எம்.ஐ.எச். என்பார்கள். 2001-இல்தான் இந்தப் பெயரையே வைத்தார்கள். இதில் திட்டுக்கு ஓரம் கத்தரித்த மாதிரித் தெளிவாக இருக்கும், வெள்ளை, பாலாடை நிறம், மஞ்சள், சில நேரம் பழுப்பு. ஜோடி பார்த்து வராது, ஒரு முன்பல்லில் பெரிதாக இருக்கும், பக்கத்துப் பல் சுத்தமாக இருக்கும். இதில் நாம் பயப்பட வேண்டியது முன்பல்லுக்காக இல்லை. பின்னால் இருக்கும் கடைவாய்ப்பல்லுக்காக. ஆறு வயது வாக்கில், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே நிரந்தரக் கடைவாய்ப்பல் நான்கு முளைத்துவிடும். பால்பல் என்று நினைத்து நாம் கண்டுகொள்ள மாட்டோம். எம்.ஐ.எச். உள்ள கடைவாய்ப்பல் வெளியே வந்து கடிக்க ஆரம்பித்ததும் சுண்ணாம்புக் கட்டி போலப் பொடிந்துவிடலாம். பச்சைத் தண்ணீர் பட்டால் கூசும், பிரஷ் பட்டால் கூசும், அதனால் பிள்ளை அந்தப் பக்கம் தேய்க்காது, சொத்தை வேகமாக விழும். பிள்ளை ஐஸ்கிரீமை ஒரு பக்கமாகவே ஒதுக்கித் தின்றாலோ, ஒரு பக்கம் பிரஷ் கொண்டுபோனாலே முகத்தைத் திருப்பினாலோ, சோம்பேறித்தனம் என்று அதட்டாதீர்கள். டார்ச் அடித்துப் பின்பல்லைப் பாருங்கள். இந்த வகைக்கு இதுதான் காரணம் என்று ஒன்றைக் கைகாட்ட முடியாது. பிறந்த நேரத்துச் சிக்கல், முதல் மூன்று நான்கு வருஷத்தில் வந்த காய்ச்சல் நோய்கள், பரம்பரை என்று பலதும் சேர்ந்தது என்கிறார்கள். அம்மா ஏதோ தவறு செய்துவிட்டாள் என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம்.

ஒரே ஒரு பல்லில் மட்டும் திட்டு என்றால் பழைய கதையை நினைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று வயதில் படியில் விழுந்து முன்பல் உள்ளே போனதா, அந்த இடத்துப் பால்பல்லில் சீழ் வைத்ததா? அடியில் உருவாகிக் கொண்டிருந்த பல்லுக்கு அப்போது பட்ட தழும்பாக இருக்கும்.

நான்காவது, சொத்தையின் தொடக்கம். இது ஈறை ஒட்டி, பிறை போல, மங்கிய வெள்ளையாக இருக்கும். பளபளப்பு போயிருக்கும், மேலே அழுக்கு படிந்திருக்கும். மற்ற மூன்றும் பல் முளைக்கும்போதே கூட வருபவை, இது முளைத்த பிறகு வருவது. போன வருஷப் படத்தில் இல்லாத வெள்ளை இந்த வருஷம் இருக்கிறது என்றால் முதல் சந்தேகம் இதுதான். நல்ல விஷயம், குழி விழும் முன் பிடித்துவிட்டால் இதைத் திருப்ப முடியும். ஒழுங்காகத் தேய்ப்பது, இனிப்பு தின்னும் தடவையைக் குறைப்பது, டாக்டர் பூசும் ஃபுளோரைடு வார்னிஷ், இவற்றிலேயே கெட்டிப்பட்டுவிடும்.

எங்கள் தண்ணீர்

ஃபுளோரைடு யாரோ கலந்தது இல்லை. பாறையில் இருக்கிறது. பாலக்காட்டின் கிழக்குப் பகுதி கடினப்பாறை பூமி, மழையும் மாவட்டத்தின் மற்ற இடங்களைவிடக் குறைவு. தண்ணீர் கீழே இறங்க இறங்க நாமும் போரை, அதாவது ஆழ்துளைக் கிணற்றை, ஆழமாக்கிக் கொண்டே போனோம். ஆழத்தில் பாறை இடுக்கில் நெடுநாள் தேங்கிய தண்ணீர் பாறையிலிருந்து ஃபுளோரைடைக் கரைத்துக் கொள்கிறது. எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை, முதலமடை என்று இந்த வரிசைப் பஞ்சாயத்துகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பது பல வருஷமாகத் தெரிந்த விஷயம். நமக்கு மட்டும் வந்ததும் இல்லை. அந்தக் காலத்து மதராஸ் மாகாணத்தில், நெல்லூர் மாவட்டத்துக் கிராமங்களில் இந்த நோய் இருப்பதை 1937-இலேயே மருத்துவர்கள் எழுதி வைத்துவிட்டார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒகேனக்கல்லில் இருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்த திட்டத்துக்குப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் இருக்கிறது.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம். வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. இதை நாக்கு கண்டுபிடிக்காது, கண்ணும் கண்டுபிடிக்காது. எங்கள் போர்த் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், கல்கண்டு மாதிரி இனிக்கும் என்று மாமனார் பெருமைப்படுவார். சோதித்தபோது 1.5-ஐத் தாண்டி இருந்தது. நூறடி தள்ளியிருக்கும் கொழுந்தனார் வீட்டுத் திறந்த கிணறு 1-க்குக் கீழே. பக்கத்து வீட்டுக்காரர் சோதித்தார், நமக்கும் அதேதான் என்று இருந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சோதனைக்குத் தண்ணீர் எடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை, ஆனால் சரியாக எடுக்க வேண்டும். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், கண்ணாடி வேண்டாம். எண்ணெய், ஜூஸ் இருந்த பாட்டிலும் வேண்டாம். மோட்டாரைப் போட்டு ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, டேங்கில் இருந்து இல்லாமல் போரில் இருந்து நேராக வரும் தண்ணீரில் பாட்டிலை மூன்று தடவை அலசி, விளிம்பு வரை நிரப்பி, இறுக மூடி, எந்தக் கிணறு, எத்தனை அடி, என்ன தேதி என்று ஒட்டிவிடுங்கள். கேரளத்தில் வாட்டர் அத்தாரிட்டியின் தர ஆய்வுக்கூடத்தில் கொடுக்கலாம், எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடம். கொடுக்கும்போது "ஃபுளோரைடு பார்க்கணும்" என்று வாய்விட்டுச் சொல்லி, ரசீதில் அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், சும்மா கொடுத்தால் கிருமி, கடினத்தன்மை மட்டும் பார்த்துக் கொடுத்துவிடும் வாய்ப்பு உண்டு. எனக்கு முதல் தடவை அப்படித்தான் ஆனது, மறுபடி பஸ் ஏறினேன். கோடையில் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை சோதிப்பது நல்லது, அளவு மாறும்.

அதிகம் என்று வந்தால்? கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். போகாது. தண்ணீர் ஆவியாகி ஃபுளோரைடு பானையிலேயே தங்குவதால் அளவு கூடத்தான் செய்யும். கரி போட்ட ஃபில்டர், கேண்டில் ஃபில்டர், யூவி மெஷின், இவை எதுவும் ஃபுளோரைடை எடுக்காது. ஆர்.ஓ. எடுக்கும், பெரும்பகுதியை எடுத்துவிடும், ஆனால் உள்ளே இருக்கும் மெம்பரேனை நேரத்துக்கு மாற்றினால்தான், அதனால் ஆர்.ஓ.வில் இருந்து வெளியே வரும் தண்ணீரையும் வருஷத்துக்கு ஒரு தடவை சோதிக்கக் கொடுங்கள். ஆக்டிவேட்டட் அலுமினா என்று ஒரு வடிகட்டியும் உண்டு, அதையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். நாக்பூரில் உள்ள நீரி என்ற சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையில் படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு ஃபுளோரைடைப் படிய வைப்பார்கள், அது அளவு பார்த்துச் செய்ய வேண்டிய வேலை, வீட்டில் குத்துமதிப்பாகப் படிகாரத்தைக் கலக்கிக் குடிக்க வேண்டாம். என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட நல்லது தண்ணீரையே மாற்றுவதுதான். ஆற்றில் இருந்து சுத்திகரித்து வரும் பஞ்சாயத்துப் பைப், சோதித்துப் பார்த்த திறந்த கிணறு, மழைத் தண்ணீர். மழைத் தண்ணீரில் ஃபுளோரைடு இல்லை என்றே சொல்லலாம். முதல் மழையை ஓடவிட்டுக் கூரையைக் கழுவிய பிறகு பிடித்து, கொதிக்க வைத்துக் குடிக்கலாம். பஞ்சாயத்துப் பைப்பில் வருவது ஆற்றுத் தண்ணீரா, பஞ்சாயத்தே போட்ட போரா என்று மெம்பரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

குடிக்க மட்டும் மாற்றினால் போதாது. சோறு பொங்குவது, பருப்பு வேக வைப்பது, கஞ்சி, எல்லாம் அதே தண்ணீரை உறிஞ்சிக் கொள்கின்றன. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவப் போர்த் தண்ணீர் தாராளமாகப் போதும். அப்புறம் கட்டன் சாயா, அதாவது பால் விடாத டீ. தேயிலையே ஃபுளோரைடு நிறைந்த இலை, அதைப் போர்த் தண்ணீரில் கொதிக்க வைத்து, மூன்று வயதுப் பிள்ளைக்கு டம்ளரில் ஆற்றிக் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அதை இன்றே நிறுத்துங்கள். பால், தயிர், கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை எல்லாம் சாப்பாட்டில் இருக்கட்டும், சுண்ணாம்புச் சத்து வயிற்றிலேயே ஃபுளோரைடைப் பிடித்து வெளியே தள்ள உதவும்.

இளையவளைப் பற்றி

நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். மூத்தவன் பல்லில் தெரிகிற திட்டு இப்போது வந்தது இல்லை. மேல் முன்பல் பிறந்த மூன்று நான்கு மாதத்தில் ஈறுக்குள்ளே உருவாக ஆரம்பித்து, நான்கு ஐந்து வயதுக்குள் மேல்பகுதி முடிந்துவிடும். ஒன்றரை வயதில் இருந்து இரண்டரை வயது வரையிலான காலம் அந்தப் பல்லுக்கு ரொம்ப முக்கியம். அவன் அப்போது குடித்த தண்ணீர் ஏழு வயதில் பல்லாக வெளியே வந்திருக்கிறது. இன்றைக்குத் தண்ணீரை மாற்றினாலும் அந்தத் திட்டு போகாது.

ஆனால் அவன் பல்லில் திட்டைப் பார்த்தபோது அவன் தங்கைக்கு வயது ஒன்றேகால். அவளுடைய முன்பல் அந்த நேரத்தில் ஈறுக்குள்ளே உருவாகிக் கொண்டிருந்தது. வீட்டில் எல்லாரும் மூத்தவன் வாயையே பார்த்துக் கொண்டிருந்தோம், அதே தண்ணீர்தான் அவள் பால் டப்பாவிலும் ஊற்றப்படுகிறது என்பது டாக்டர் கேட்கும் வரை எனக்கு உறைக்கவில்லை. "சின்னப் பிள்ளை இருக்கா? என்ன தண்ணீர் குடிக்குது?" என்றார் அவர். என் வாயில் வார்த்தை வரவில்லை.

தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிக மிகக் குறைவு, அம்மா போர்த் தண்ணீர் குடித்தாலும் பாலில் அது அதிகம் இறங்குவதில்லை. பவுடர் பாலில் அப்படி இல்லை, கரைக்கிற தண்ணீரில் இருப்பது அத்தனையும் பிள்ளைக்குப் போகும். ஆறு கிலோ உடம்புக்கு ஒரு நாளில் முக்கால் லிட்டர் வரை அதே தண்ணீர். அதனால் குடும்பத்துக்கே நல்ல தண்ணீர் வாங்க வசதி இல்லை என்றாலும், குறைந்தது பால் பவுடருக்கும் கஞ்சிக்கும் எட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் குடிக்கவும் மட்டுமாவது வேறு தண்ணீர் ஒதுக்குங்கள். எட்டு வயதுக்குள் ஞானப்பல் தவிர மற்ற எல்லாப் பல்லின் மேல்பகுதியும் உருவாகி முடிந்துவிடும், அதற்குப் பிறகு புதிதாகப் பல்லில் ஃபுளோரோசிஸ் வராது. அங்கன்வாடியிலும் என்ன தண்ணீர் என்று கேளுங்கள், பாதி நாள் பிள்ளை அங்கேதான் இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களுக்கு நெடுநாளாக முதுகு மூட்டு இறுகிப் போய், குனிய முடியாமல் இருந்தால், இந்தத் தண்ணீர் விஷயத்தையும் அவர்களைப் பார்க்கும் டாக்டரிடம் சொல்லுங்கள், பல வருஷம் அதிக ஃபுளோரைடு குடித்தால் எலும்பையும் பாதிக்கும்.

பேஸ்ட், உமிக்கரி

ஃபுளோரைடுதான் காரணம் என்று தெரிந்ததும் முதல் வேலையாகப் பேஸ்டைத் தூக்கி எறிந்தேன். தப்பு. கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். நம் கடைகளில் கிடைக்கும் ஃபுளோரைடு பேஸ்டில் அதிகபட்சம் 1000 பிபிஎம், அதாவது ஒரு கிராம் பேஸ்டில் ஒரு மில்லிகிராம். பட்டாணி அளவு, அதாவது கால் கிராம் பேஸ்டை முழுசாக விழுங்கினாலும் கால் மில்லிகிராம் ஃபுளோரைடுதான். 2 மில்லிகிராம் உள்ள தண்ணீர் ஒரு லிட்டர் குடித்தால் அதைப் போல எட்டு மடங்கு. பேஸ்ட் பல்லின் மேலே நின்று சொத்தையைத் தடுக்கிறது, திட்டு விழுந்த பல்லுக்கு அந்தக் காவல் இன்னும் அதிகம் தேவை. மூன்று வயது வரை அரிசி மணி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு, பெரியவர்கள் கையாலேயே வைத்துக் கொடுத்து, துப்பும் வரை பக்கத்தில் நில்லுங்கள். விளம்பரத்தில் வருவது போல பிரஷ் நீளத்துக்குப் பிதுக்காதீர்கள். இனிப்பு வாசனைப் பேஸ்டைப் பிள்ளை நக்கித் தின்றால் டப்பாவை உயரத்தில் வையுங்கள். உங்கள் தண்ணீரில் அளவு ரொம்ப அதிகம், பிள்ளைக்குத் துப்பவும் தெரியாது என்றால், அந்தக் கொஞ்ச நாளைக்கு என்ன செய்வது என்று பல் டாக்டரிடமே கேட்டுக் கொள்ளுங்கள்.

உமிக்கரி, செங்கல் பொடி, சாம்பல், உப்பு, எலுமிச்சைத் தோல், சோடா உப்பு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாட்டி ஒன்றைச் சொல்வார். பாசத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் திட்டு பல்லின் மேலே ஒட்டிய அழுக்கு இல்லை, எனாமலுக்கு உள்ளே இருப்பது. தேய்த்துத் தேய்த்து நல்ல எனாமல்தான் தேயும், எலுமிச்சைப் புளிப்பு அதைக் கரைக்கும், பிறகு கூச்சம் ஆரம்பிக்கும். கடையில் விற்கும் பல் வெளுக்கும் ஜெல்லும் பிள்ளைகளுக்கு வேண்டாம், அது சுற்றியுள்ள பல்லையும் வெளுக்கும், திட்டு இன்னும் எடுப்பாகத் தெரியலாம்.

டாக்டரிடம் எப்போது, என்ன கேட்பது

பல் பொடிகிறது, கூசுகிறது, பின்பல்லில் மஞ்சள் பழுப்புத் திட்டு, ஈறை ஒட்டிப் புதிதாக வெள்ளை, இதில் ஒன்று இருந்தாலும் தள்ளிப் போடாமல் போங்கள். வெறும் அழகுக்காக என்றால் அவசரம் வேண்டாம். முன்பல் முழுசாக இறங்கி, பிள்ளையும் நாற்காலியில் அமைதியாக உட்காரும் வயது வரட்டும். லேசான ஃபுளோரோசிஸ் திட்டு வயது ஏற ஏறக் கொஞ்சம் மங்கவும் செய்யும். குழந்தைகள் பல் மருத்துவம் படித்தவராக இருந்தால் நல்லது, எங்கள் பக்கத்தில் இருந்து திருச்சூர் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர்கள் உண்டு, சிலர் கோயம்புத்தூர் போகிறார்கள்.

முதல் கேள்வி, இது எந்த வகை, ஏன் அப்படிச் சொல்கிறீர்கள். இரண்டாவது, கடைவாய்ப்பல் நான்கும் எப்படி இருக்கின்றன. மூன்றாவது, பல்லை ராவாமல் என்ன செய்ய முடியும். இந்த மூன்றாவதைக் கட்டாயம் கேளுங்கள், ஏனென்றால் வழிகள் இருக்கின்றன. மைக்ரோ அப்ரேஷன் என்று, லேசான அமிலமும் பியூமிஸ் பொடியும் கலந்த பசையால் மேல்பரப்பை மட்டும் மிக மெல்லியதாக எடுப்பார்கள், பழுப்புக் கறைக்கு நன்றாகக் கேட்கும். ரெசின் இன்ஃபில்ட்ரேஷன் என்று இன்னொன்று, ஜெல் தடவி நுண்துளைகளைத் திறந்து, காயவைத்து, தண்ணீர் மாதிரியான ரெசினை உள்ளே ஊறவிட்டு நீல விளக்கில் இறுக வைப்பார்கள். நுண்துளை நிரம்பியதும் வெள்ளை அடங்கிவிடும், ஈரத்தில் மாக்கோலம் மங்குகிற மாதிரி. ஊசி இல்லை, ராவல் இல்லை. லேசான ஃபுளோரோசிஸுக்கு நன்றாக வரும், எம்.ஐ.எச். திட்டு ஆழமாக இருந்தால் முழுசாக மறையாது, முன்கூட்டியே கேட்டுக் கொள்ளுங்கள். செலவு கொஞ்சம் அதிகம். குழி விழுந்திருந்தால் பல் நிறத்திலேயே காம்போசிட் வைத்து நிரப்பலாம். நிரந்தரமாக ராவிப் போடும் வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய தகடு), கேப் எல்லாம் வளர்ந்து முடிந்த பிறகு யோசிக்க வேண்டியவை.

எம்.ஐ.எச். கடைவாய்ப்பல்லுக்கு வேறு கணக்கு. வார்னிஷ், பல்லின் பள்ளத்தை மூடும் சீலண்ட், சிமெண்ட் அடைப்பு என்று முதலில் காப்பாற்றப் பார்ப்பார்கள், பெரிதாகப் பொடிந்திருந்தால் ஸ்டீல் கேப் போடுவார்கள், அது நல்ல வைத்தியம், முன்பல் கேப்போடு அதைக் குழப்பிக் கொள்ள வேண்டாம். காப்பாற்ற முடியாத அளவுக்குப் போயிருந்தால் எட்டரை, ஒன்பது, பத்து வயது வாக்கில் எடுத்துவிட்டு, பின்னால் வரும் பல் அந்த இடத்துக்கு நகர்ந்து வரட்டும் என்று விடுவதும் உண்டு. அதற்கு எக்ஸ்ரே பார்த்து நேரம் குறிக்க வேண்டும், அதனால்தான் ஏழு வயதிலேயே காட்டுங்கள் என்கிறேன். இந்தப் பல்லில் மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிக்காமல் போகலாம். பிள்ளை "வலிக்குது" என்றால் நம்புங்கள், டாக்டரிடமும் நிறுத்தச் சொல்லுங்கள்.

மகன் நான்காம் வகுப்பில் ஒரு நாள் வாயை மூடிக்கொண்டே சிரித்தான். பள்ளியில் யாரோ "சுண்ணாம்புப் பல்லு" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். நீ ஒழுங்காகப் பல் தேய்க்கவில்லை என்று நாமே பலபேர் முன்னால் எத்தனை தடவை சொல்லியிருப்போம், அதுதான் முதலில் நிற்க வேண்டும். அவனிடம் உண்மையைச் சொன்னேன், "நீ குட்டிப் பையனா இருந்தப்போ நம்ம போர்த் தண்ணியில ஒரு உப்பு இருந்தது சாமி, அது பல்லுக்குள்ள போயிருச்சு, உன் தப்பு ஒண்ணும் இல்ல." மறுநாள் அவனே அந்தப் பையனிடம் அதைச் சொல்லிவிட்டு, "உங்க வீட்டுலயும் போர்தானே?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறான். அந்தப் பையனின் அம்மா அடுத்த வாரம் பாட்டிலோடு என் வீட்டு வாசலில் நின்றார், எங்கே கொடுக்க வேண்டும் என்று கேட்டு.

எங்கள் வீட்டில் இப்போது போர்க் குழாயில் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறோம். இளையவளுக்கு நான்கு வயது, எழுத்துக் கூட்டத் தெரியாது, ஆனால் விருந்தாளி யாராவது அந்தக் குழாயில் டம்ளரை நீட்டினால் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து, கிணற்றுத் தண்ணீர் இருக்கும் பானையைக் காட்டுகிறாள்.